கருவுக்குள் ஒரு கடிகாரம்

அடைக்கோழியை அறியாத வீடு நம் பக்கத்தில் குறைவு. சத்தியவேடு, நாகலாபுரம், பிச்சாட்டூர் வட்டாரத்துக் கிராமங்களில் நாட்டுக்கோழி நாளுக்கு ஒன்றாகவும், நடுவில் ஒரு நாள் விட்டும், பன்னிரண்டு முட்டைகள் வரை இடும். வீட்டிலுள்ள பெண்கள் அவற்றைத் தவிட்டுக் கூடையிலோ அரிசிப் பானையிலோ சேர்த்து வைப்பார்கள். கோழி அடைக்கு உட்காரும் குறி தெரிந்ததும் எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் அதன் அடியில் வைப்பார்கள். இருபத்தொன்றாம் நாள் வாக்கில் குஞ்சுகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஓட்டை உடைத்து வெளிவரும்.

இதில் ஒரு புதிர் இருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் ஏறக்குறைய இரண்டு வார வயது வித்தியாசம் உண்டு. மூத்தது முன்னேயும் இளையது பின்னேயும் அல்லவா பொரிய வேண்டும்?

விடை வெப்பத்தில் இருக்கிறது. கருவுற்ற முட்டை தாயின் உடலுக்குள் ஒரு நாள் இருந்துவிட்டே வெளியே வருகிறது. அந்த ஒரு நாளில் மஞ்சள் கருவின் மேல் பல்லாயிரம் செல்கள் கொண்ட சிறு தகடு ஒன்று உருவாகிவிடும். முட்டை வெளியே வந்து குளிர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. சுமார் 21 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது அறவே நிற்கும். அதற்குச் சற்று மேலே மிக மிக மந்தமாக நடக்கும். தாய்க்கோழியின் உடற்சூடு பட்டு முட்டை 37 டிகிரியைத் தாண்டும்போதுதான் கரு மீண்டும் முறையாக வளரத் தொடங்குகிறது. ஆகவே மூத்ததும் இளையதும் ஒரே நாளில் 'தொடங்கு' என்ற கட்டளையைப் பெறுகின்றன. சித்திரை, வைகாசியில் சேர்த்து வைத்த முட்டைகளில் கூமுட்டை அதிகமாவதற்கும் இதுவே காரணம். கூடைக்குள்ளேயே அரைகுறைச் சூட்டில் கரு வளரத் தொடங்கித் தடுமாறிச் செத்துப்போகிறது. பெரிய பொரிப்பகங்களில் முட்டைகளைக் குளிர்ந்த அறையில் வைத்திருந்து பிறகே பொறியில் ஏற்றுவதன் பொருளும் இதுவே.

சரி, வெப்பம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது? அது எதை எண்ணுகிறது? இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மேலே செல்லுமுன் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 1960 ஏப்ரல் வரை சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்து, பின்னர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்கும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்துக்கும் உரியதான ஊர் நம்முடையது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் இங்கே உண்டு. தெலுங்குப் பாடநூலில் கருவைப் 'பிண்டம்' என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது திதி, திவசத்தை நினைவூட்டும்! நாம் 'கரு' என்றே சொல்வோம். பிள்ளைகள் இரண்டும் ஒன்றே என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதுகெலும்பின் கணக்கு

அடை வைத்து ஒரு நாள் கழிந்ததும் கோழிக்கருவின் முதுகுப் பக்கத்தில், நடுக்கோட்டின் இருபுறமும், சிறு கட்டிகள் இணை இணையாகத் தோன்றத் தொடங்குகின்றன. இவற்றுக்கு சோமைட் என்று பெயர். பிற்காலத்தில் முதுகெலும்பு, விலா எலும்பு, முதுகுத் தசைகள் ஆகியவை இவற்றிலிருந்து உண்டாகும். ஓர் இணையின் பின்பாதியும் அடுத்த இணையின் முன்பாதியும் சேர்ந்து ஒரு முதுகெலும்பாக அமைவது இன்னொரு வேடிக்கை.

நம் கவனத்துக்குரியது இவை தோன்றும் ஒழுங்கு. தலைப்பக்கத்தில் தொடங்கி வால் நோக்கி, 90 நிமிடத்துக்கு ஓர் இணை. இடையில் ஓய்வு கிடையாது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக அவசரமும் கிடையாது. சுமார் 50 இணைகள் ஆகும்வரை, அதாவது நான்கு நாள் வாக்கில், இந்த வேலை நடந்து முடிகிறது. எத்தனை இணைகள் உள்ளன என்று எண்ணியே கருவின் வயதைச் சொல்லிவிடலாம். ஆய்வாளர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இவ்வளவு ஒழுங்காக ஒன்று நடந்தால் உள்ளே தாளம் போடுவது ஏதோ இருக்க வேண்டும் அல்லவா? 1976-இல் ஜொனாதன் குக் என்ற கருவியல் அறிஞரும் கிறிஸ்டோபர் ஜீமன் என்ற கணித அறிஞரும் இதைக் காகிதத்திலேயே ஊகித்தார்கள். வால் பக்கத்திலுள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் துடிக்கிறது. தலையிலிருந்து வால் நோக்கி ஓர் எல்லைக்கோடு மெல்ல நகர்கிறது. கோடு தன்னைத் தாண்டும்போது கடிகாரம் எந்த நிலையில் இருக்கிறதோ, அதைப் பொறுத்து அந்தச் செல் எந்தக் கட்டியில் சேரும், கட்டியின் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்பது முடிவாகிறது.

இதைப் புரிந்துகொள்ளப் பூக்கட்டும் அம்மாவைப் பாருங்கள். நார் ஒரே வேகத்தில் கைக்குள்ளிருந்து ஓடுகிறது. குறிப்பிட்ட இடைவேளைக்கு ஒரு முடிச்சு விழுகிறது. நாரின் வேகத்தையும் முடிச்சுக்கு முடிச்சு ஆகும் நேரத்தையும் பெருக்கினால் வருவதே இரண்டு முடிச்சுகளுக்கு இடையேயுள்ள தூரம். கை வேகமானால் பூ நெருக்கமாக அமையும். நிதானமானால் கலம்பலாக அமையும். கருவிலும் இதே கணக்குதான். கடிகாரம் முடிச்சுப் போடுகிறது. எல்லைக்கோடு நாராக ஓடுகிறது.

ஊகம் அழகாக இருந்ததே தவிர, கடிகாரத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்க இருபத்தொரு ஆண்டுகள் ஆயின. 1997-இல் பிரான்சின் மார்செய் நகரில் ஒலிவியே பூர்க்கியேயின் ஆய்வகத்தில், இசபெல் பால்மெய்ரிம் முதலானோர் கோழிக்கருவில் 'ஹேரி' என்ற வகையைச் சேர்ந்த ஒரு மரபணுவைக் கவனித்தார்கள். ஒரே வயதுடைய கருக்களிலும் அது வேறு வேறு இடங்களில் எரிவதாகத் தோன்றியது. குழப்பமான சேதி! அவர்கள் செய்த சோதனை எளிமையானது. கருவை நீளவாக்கில் இரு பாதிகளாக வெட்டினார்கள். இடப்பாதியை உடனே பதப்படுத்தி வைத்தார்கள். வலப்பாதியை உயிருடன் அரை மணி நேரம் வளர்த்துப் பிறகு பதப்படுத்தினார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒரு மணி நேரம் வளர்த்தாலும் ஒத்துப்போகவில்லை. சரியாக 90 நிமிடம் வளர்த்தபோது இரு பாதிகளும் ஒரே படமாக நின்றன! அந்த மரபணு எரிந்து அணைந்து மீண்டும் எரிய 90 நிமிடம் ஆகிறது. ஓர் இணை சோமைட் தோன்றவும் அதே 90 நிமிடம். கடிகாரம் அகப்பட்டுவிட்டது.

இந்தச் சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன். விலையுயர்ந்த கருவியை நம்பி அது நிற்கவில்லை. ஒரு கத்தியும் ஒரு நல்ல கேள்வியும் போதுமாக இருந்தன.

மேல்தொட்டியும் மோட்டாரும்

மரபணு எப்படித் தானாக எரிந்து அணைகிறது? மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி காலியானால் மோட்டார் ஓடும். நிரம்பினால் மிதவை மேலெழுந்து மோட்டாரை நிறுத்தும். வீட்டார் நீரைச் செலவழிக்க மட்டம் இறங்கும், மோட்டார் மறுபடி ஓடும். செல்லுக்குள்ளும் அப்படியே. மரபணு இயங்கினால் அதன் படியெடுப்பு உண்டாகிறது, அதிலிருந்து ஒரு புரதம் உண்டாகிறது. அந்தப் புரதத்தின் வேலை என்ன தெரியுமா? தன்னை உண்டாக்கிய மரபணுவையே வாய்மூடச் செய்வது! மரபணு அடங்கியதும் புதுப் புரதம் வருவதில்லை. பழைய புரதம் சிதைந்து தீர்ந்ததும் தடை நீங்கி மரபணு மீண்டும் விழிக்கிறது.

இதில் முக்கியமானது தாமதம். கட்டளை பிறந்து புரதம் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆக வேண்டும். தாமதமே இல்லையென்றால் தொட்டியில் நீர் ஏதோ ஒரு மட்டத்தில் அசையாமல் நின்றுவிடும். ஏற்ற இறக்கம் இராது. ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலியில் இதை இரு வழிகளில் சோதித்தார்கள். அதன் கடிகாரப் புரதமான ஹெஸ்7 சுமார் 22 நிமிடத்தில் பாதியாகச் சிதையும். 2004-இல் அதைச் சற்றே மாற்றி 30 நிமிடம் தாங்கும்படி செய்தார்கள். எட்டு நிமிடந்தான் வித்தியாசம். மூன்று நான்கு துடிப்புக்குப் பின் கடிகாரம் ஓய்ந்தது, எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தன. 2011-இல் மரபணுவிலிருந்து வெற்றிடம் போலத் தோன்றும் பகுதிகளை வெட்டி நீக்கித் தாமதத்தைச் சுமார் 19 நிமிடம் குறைத்தார்கள். அப்போதும் துடிப்பு நின்றது. வெற்றிடம் என்று நினைத்தது தாமதத்துக்காகவே அங்கு இருந்திருக்கிறது!

ஒரு செல்லின் கடிகாரம் சரியாக ஓடினால் போதாது. பக்கத்துச் செல்லோடு ஒத்து ஓட வேண்டும். கோலாட்டம் ஆடும் பெண்கள் அடுத்தவர் கோலில் தட்டித் தட்டியே தாளம் பிடிப்பது போல, செல்கள் 'நாட்ச்' என்ற தொடர்பின் வழியாக ஒன்றையொன்று தட்டிக்கொள்கின்றன. கங்கைச் சமவெளி நீர்நிலைகளில் வாழும் நம் நாட்டு வரிமீன், உலக ஆய்வகங்களில் எல்லாம் இன்று வளர்கிறது. அதில் இந்தத் தொடர்பு பழுதானால் முதல் சில சோமைட்டுகள் ஒழுங்காகவே அமையும். பிறகு வரவரக் குலையும். எல்லாரும் சேர்ந்து தொடங்கிய ஆட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளம் தவறுவது போல.

பாம்புக்கு ஏன் இத்தனை எலும்பு?

மனிதனுக்கு 33 முதுகெலும்புகள், இணைந்தவற்றையும் சேர்த்து. பாம்புக்கு முந்நூறுக்கு மேல். நம் சாரைக்கு உறவான வட அமெரிக்கச் சோளப் பாம்பின் கருவை 2008-இல் ஆராய்ந்தபோது காரணம் புரிந்தது. அதன் உடல் வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால் கடிகாரம் மிக விரைவாக ஓடுகிறது. நார் மெல்ல ஓட, முடிச்சு மளமளவென்று விழுகிறது. ஆகவே கட்டி சிறிது, எண்ணிக்கை பெரிது. புதிதாக எதையும் படைக்காமல், இருக்கிற தாளத்தை மாற்றியே இயற்கை பாம்பைச் செய்திருக்கிறது.

உயிருக்கு உயிர் இந்தத் தாளம் மாறும். வரிமீனுக்கு 30 நிமிடம், கோழிக்கு 90 நிமிடம், சுண்டெலிக்கு இரண்டு மணி நேரம். மனிதனுக்கு? மனிதக் கருவை அந்த வயதில் யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 2020-இல் மனிதக் குருத்துச் செல்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்ததில் சுமார் ஐந்து மணி நேரம் என்று தெரிந்தது. மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றே, சுற்றும் ஒன்றே, வேகம் மட்டும் வேறு. ஏன் என்பதற்கு இப்போது கிடைக்கும் விடை இது: மனிதச் செல்லில் புரதங்கள் உருவாவதும் சிதைவதும் எலியைவிட மெதுவாக நடக்கின்றன. 2023-இல் வெளியான ஆய்வு, செல்லின் வளர்சிதை மாற்ற வேகத்தையே இதற்கு அடிப்படையாகக் காட்டியது.

கடிகாரம் பழுதானால்

இது ஏட்டுக் கல்வியோடு நிற்கும் விஷயமன்று. முதுகெலும்புகள் ஆப்பு வடிவிலும் பாதியாகவும் அமைந்து, விலா எலும்புகள் ஒட்டிப்போய், உடல் குட்டையாகவும் மூச்சுக்கு இடமின்றியும் பிறக்கும் குழந்தைகள் உண்டு. 2000-ஆம் ஆண்டில் இந்நோயின் ஒரு வகைக்கு டிஎல்எல்3 என்ற மரபணுவின் பழுது காரணம் என்று கண்டார்கள். அது அந்தக் கோலாட்டத் தொடர்பைச் சேர்ந்த மரபணு. பின்னர் ஹெஸ்7 உள்ளிட்ட வேறு சில மரபணுக்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

இந்த வகைகள் பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி வந்தால்தான் வெளிப்படும். ஒரு படி மட்டும் உள்ளவர் நலமாகவே இருப்பார். தம்மிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. இங்கே நம் வழக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுவதும், அக்காள் மகளைக் கட்டுவதும் எல்லையின் இருபுறமும், தமிழரிடமும் தெலுங்கரிடமும், நெடுங்கால வழக்கம். மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு. குடும்பத்தில் மறைந்து கிடக்கும் ஒரு பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது. இந்த எலும்பு நோய் மிக அரிது. ஆனால் இதே விதிப்படி வரும் நோய்கள் பல. குடும்பத்தில் முன்பு இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால், முகூர்த்தம் குறிக்குமுன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது. பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். கேட்கத்தான் வேண்டும்.

நாள் கணக்குக்கு இன்னோர் உதாரணம் தாலிடோமைட் மாத்திரை. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961 இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. கருத்தரித்த 20-ஆம் நாளுக்கும் 36-ஆம் நாளுக்கும் இடையில் தாய் அதை உட்கொண்டிருந்தால் பிள்ளைக்குக் கை, கால், காது பாதிக்கப்பட்டன. எந்த நாளில் உட்கொண்டார் என்பதைப் பொறுத்து எந்த உறுப்பு என்பது மாறியது. முன் நாட்களில் காது, பிறகு கை, அதன் பிறகு கால். அந்தந்த உறுப்புக்குக் கருவின் நாட்குறிப்பில் ஒதுக்கிய நாள் அது.

மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் 28-ஆம் நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். அப்போது பல பெண்களுக்குத் தள்ளிப்போயிருப்பது கூடத் தெளிவாகத் தெரிந்திராது. மூடாமல் போவதைத் தடுக்க ஃபோலிக் அமிலம் உதவுகிறது. முன்பே இத்தகைய குழந்தை பிறந்த தாய்மாரிடம் செய்த சோதனையில் 72 சதவீதம் தடுக்க முடிந்ததாக 1991-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்டது. ஆனால் கர்ப்பம் உறுதியான பின், இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்கினால் இதற்குப் பயனில்லை. கடிகாரம் அந்த மணியைத் தாண்டியிருக்கும். கருத்தரிக்க எண்ணும்போதே தொடங்கி முதல் 12 வாரம் வரை தினம் 400 மைக்ரோகிராம் என்பதே பொதுவான பரிந்துரை. முன்பு பாதிப்பு இருந்தவர்களுக்கு அளவு கூடும். அதை மருத்துவர் சொல்ல வேண்டும். புதுமணப்பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் வீட்டார் இதையும் கேட்டு வைக்கலாம்.

விடியலுக்குக் காத்திருக்கும் முட்டை

பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கே மதனபள்ளி, பலமனேர், குப்பம் பக்கம் போனவர்கள் மல்பெரித் தோட்டங்களைப் பார்த்திருப்பார்கள். பட்டுப்புழு வளர்ப்போருக்குக் கருவின் கடிகாரம் பிழைப்போடு சேர்ந்த சங்கதி. முட்டைகள் இன்று நூறு, நாளை நூறு என்று பொரிந்தால் புழுக்கள் வெவ்வேறு வயதாகித் தோலுரிப்பும் தீனியும் தாறுமாறாகும்.

அதற்கு அவர்கள் செய்யும் உபாயம் அழகானது. 25 டிகிரியில் முட்டை பொரியப் பத்து நாள் வாக்கில் ஆகும். பொரிவதற்கு இரண்டு நாள் முன் முட்டைக்குள் குண்டூசித் தலை போலக் கரும்புள்ளி தெரியும். அது கருவின் தலை. உடனே முட்டைத் தாள்களைக் கறுப்புக் காகிதத்தாலோ துணியாலோ மூடி இருட்டில் வைக்கிறார்கள். முந்தியவை இருட்டில் காத்திருக்க, பிந்தியவை வந்து சேர்ந்துகொள்கின்றன. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் மூடியை நீக்கி வெளிச்சம் படச் செய்தால் அன்று காலையிலேயே ஏறக்குறைய எல்லாம் பொரிந்துவிடும்.

இங்கே வேலை செய்வது வேறொரு கடிகாரம்: 24 மணி நேர நாட்கடிகாரம். புழு வெளிவருவதற்கு விடியற்பொழுது ஒரு வாசல். வாசலைத் தவறவிட்டால் அடுத்த விடியல் வரை காத்திருக்கும். பழ ஈயில் 1971-இல் கண்டுபிடித்த 'பீரியட்' என்ற மரபணு இதன் சக்கரங்களில் ஒன்று. அதன் இயக்கத்தை விளக்கிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. பட்டுப்புழுவில் இதே மரபணுவைச் சிதைத்தபோது பொரிதலின் தாளம் கலைந்துபோனதை ஜப்பானியர் 2019-இல் காட்டினார்கள். தன்னைத் தானே அடக்கும் மரபணு, தாமதம், மீண்டும் விழிப்பு என்று பார்த்தால் இதுவும் அதே மேல்தொட்டிதான். குழாய் மட்டும் நீளம்.

தாளக் கணக்கில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. எம்.கே. சந்திரசேகரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கியவர். கடற்கரை மணலில் புதையும் ஓர் எறும்புநண்டு இனம், கடலை விட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த பிறகும் கடலின் ஏற்றவற்றத்துக்கேற்ப அசைவதை ஆராய்ந்து 1965-இல் வெளியிட்டார். ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில், பழ ஈ கூட்டை விட்டு வெளிவரும் நேரத்தை ஒளியால் எப்படி முன்னும் பின்னும் தள்ளலாம் என்று அளந்தார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் குகை வௌவால்களை ஆராய்ந்ததோடு, பகல் இரவு தெரியாத தனியறையில் மனிதரைத் தங்க வைத்து அவர்களின் உட்கடிகாரத்தையும் பார்த்தார். நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இது.

வீட்டில் செய்து பார்க்க

அடை வைக்கும் முட்டைகளில், அவை இட்ட தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். மை வேண்டாம், ஓட்டின் நுண்துளை வழியே உள்ளே இறங்கும். ஐந்தாம் நாள் இரவு, கோழி இரைக்கு எழுந்த சமயத்தில், இருட்டறையில் டார்ச் விளக்கின் மேல் அட்டையில் சிறு துளையிட்டு முட்டையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். உயிருள்ள முட்டையில் சிலந்தி வலை போலச் செந்நரம்புகளும் நடுவில் ஒரு புள்ளியும் தெரியும். நரம்பில்லாமல் வெறும் மஞ்சளாக இருப்பது கூமுட்டை. இரண்டு நிமிடத்துக்குள் அடையில் திரும்ப வைத்துவிடுங்கள். பதினான்கு நாள் பழைய முட்டையிலும் நேற்று இட்ட முட்டையிலும் வலை ஒரே அளவு பரந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இருபத்தொன்றாம் நாள் எது முதலில் ஓட்டைக் கொத்துகிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.